விளையாட்டுச் சாமானும் வீட்டுக் கணக்கும்



சம்பளம் போட்ட மறுநாள் காலையில் வகுப்பறைக்குள் நுழைந்தால், முந்தின நாள் மாலை யார் யார் சந்தைக்குப் போனார்கள் என்பது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குச் சொல்லாமலே விளங்கிவிடும். ஒரு பையன் மேசைக்கடியில் விளக்கெரியும் கைக்கடிகாரத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்துக் கொண்டிருப்பான். ஒரு பெண்பிள்ளையின் பென்சில் பெட்டிக்கு மூன்று மாடியும் இரண்டு கதவும் ஒரு கண்ணாடியும் இருக்கும். அடுத்த வாரம் அந்தக் கடிகாரத்தில் விளக்கெரியாது. பென்சில் பெட்டியின் கதவு கழன்று, ரப்பர் வளையம் போட்டுக் கட்டப்பட்டிருக்கும். அதற்கும் அடுத்த வாரம் இரண்டும் குப்பைத் தொட்டியில் கிடக்கும். போனது பொருள் மட்டுமன்று. அதற்காகத் தகப்பனார் செம்பனைக் காட்டில் குலை வெட்டிய நேரமும் அதோடு போயிற்று.

ஆகவே, பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்களும் அன்றாடப் பொருள்களும் வாங்குவதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். வாங்கவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. விளையாட்டில்லாத பிள்ளைப் பருவம் உப்பில்லாத சோற்றைப் போன்றது. கொடுக்கிற காசுக்குத் தகுந்த பொருள் கிடைக்கிறதா, அது பிள்ளைக்குத் தீங்கு செய்யாமல் இருக்குமா என்ற இரண்டையும் எப்படிப் பார்ப்பது என்பதுதான் பேச்சு.

ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் சம்பள நாளன்று வியாபாரிகள் லயத்து வாசலுக்கே வருவார்கள். துணி, பாத்திரம், பலூன், ஊதல் எல்லாம் வந்து சேரும். கையில் காசு இல்லாவிட்டாலும் கவலையில்லை. அட்டையில் 555 என்று அச்சிட்ட சின்னஞ்சிறு புத்தகத்தில் கடைக்காரர் எழுதிக் கொள்வார். இன்று நம்முடைய பேரா மாநிலத்தில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. பல, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்தைவிட்டு வந்த குடும்பங்கள் சுங்கை சிப்புட்டிலும் ஈப்போ சுற்று வட்டாரத்திலும் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வாழ்கின்றன. 555 புத்தகத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக் கொண்டது. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் பொருள் வீட்டுக்கு வருகிறது. மூன்று தவணை, ஆறு தவணை என்று காசு பின்னாலேயே போகிறது. கடைக்காரர் எழுதிய கடனாவது கண்ணுக்குத் தெரிந்தது. கைப்பேசிக்குள் இருக்கும் கடன் மாதக் கடைசியில்தான் முகம் காட்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆனது. மாதத்திற்கு 26 நாள் வேலை என்று வைத்துக் கொண்டால், ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு வரும். இப்பொழுது, சந்தையில் 60 வெள்ளிக்குத் தொலைவிலிருந்து இயக்கும் கார் ஒன்றைப் பையன் கேட்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். அது வெறும் 60 வெள்ளியன்று. ஏறக்குறைய ஒரு முழு நாள் வேலை. காலை இருட்டில் எழுந்து, வெயிலில் காய்ந்து, மாலையில் வீடு திரும்பும் வரையிலான ஒரு நாள்.

அந்தக் கார் ஒரு மாதம் ஓடுகிறது என்று வைப்போம். பல கார்கள் அவ்வளவு நாள்கூட ஓடுவதில்லை. ஆனாலும் தாராளமாகவே வைப்போம். 60 வெள்ளியை 30 நாளால் வகுத்தால் நாளுக்கு 2 வெள்ளி. பேட்டரிச் செலவு தனி. பக்கத்துக் கடையில் 6 வெள்ளிக்கு ஒரு ரப்பர்ப் பந்து வாங்கினால், அது ஆறு மாதம் தாராளமாக அடி வாங்கும். 600 காசை 180 நாளால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு மூன்று காசுக்குச் சற்று மேல். அதுவும் ஒருவன் மட்டும் விளையாடுவதில்லை, தெருவே விளையாடுகிறது.

விலைச் சீட்டில் எழுதியிருப்பது பொருளின் பாதி விலைதான். அது எத்தனை நாள் பிள்ளையின் கையில் இருக்கும் என்பதில் மீதி விலை அடங்கியிருக்கிறது. சில நேரம் இந்தக் கணக்கு எதிர்ப்பக்கமும் போகும். இரண்டு வெள்ளிக் கடையில் வாங்கிய வண்ணப் பென்சில், சீவச் சீவ முனை ஒடிந்து இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். சற்றுக் கூட விலை கொடுத்து வாங்கியது ஓராண்டு வரும். ஆகையால் மலிவானதெல்லாம் லாபமும் அன்று, விலை கூடியதெல்லாம் நல்லதும் அன்று.

சரி, எந்தச் சாமான் நீண்ட நாள் கையில் இருக்கும்? இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அந்தப் பொருளை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்யும் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பொத்தானை அமுக்கினால் பொம்மை பாடுகிறது, ஆடுகிறது, விளக்கெரிகிறது. பிள்ளை சும்மா உட்கார்ந்து பார்க்கிறது என்றால், வேலை செய்வது பொம்மை. இரண்டு நாளில் பிள்ளைக்குச் சலித்துவிடும். பந்து, மரக்கட்டை, பம்பரம், சொப்புச் சாமான், தாயக்கட்டை போன்றவை பிள்ளை கை வைக்காவிட்டால் தாமாக ஒன்றும் செய்வதில்லை. வேலை செய்வது பிள்ளை. அதனால்தான் அவை சலிப்பதில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பன்று. மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய மருத்துவ அம்மையாரைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1907-ஆம் ஆண்டு ரோம் நகரில் சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் ஒரு பிள்ளைகள் இல்லத்தைத் தொடங்கினார். தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியாகக் கிடந்த பிள்ளைகளுக்காக ஏற்பட்டது அது. நம் தோட்டத்து ஆயாக்கொட்டகையின் நிலைமையை ஒட்டியதே என்று சொல்லலாம். வசதியுள்ளவர்கள் அங்கே அழகழகான பொம்மைகளை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அவற்றை அதிகம் சட்டை செய்யவில்லை. அடுக்குவதற்கும், பொருத்துவதற்கும், ஊற்றுவதற்கும், துடைப்பதற்கும் இருந்த எளிய சாமான்களையே தேடிப் போனார்கள். அம்மையார் அதைக் கவனித்து எழுதி வைத்தார். பின்னர் 1939-இல் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்.

தமிழர்களாகிய நமக்கும் இது புதிதன்று. பட்டினப்பாலை என்ற சங்கநூலில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டி விளையாடும் காட்சி வருகிறது. முற்றத்தில் காயும் நெல்லைத் தின்ன வரும் கோழியை விரட்ட, வீட்டுப் பெண் காதிலுள்ள பொன் குழையைக் கழற்றி எறிகிறாள். அது தேர்ச் சக்கரத்தைத் தடுக்கிறதாம். பொன்னை எறியும் அளவுக்குச் செல்வம் கொழிக்கும் வீட்டிலும் பிள்ளைக்குக் கொடுத்தது கையால் உருட்டும் தேர்தான் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, மகிழ்ச்சியும் வருகிறது.

அதே மூன்று சக்கரத்தில்தான் நம் பாட்டிமார் நடைவண்டி செய்து வைத்தார்கள். பிள்ளை எழுந்து நின்று, கட்டையைப் பிடித்து, தானே தள்ளிக்கொண்டு நடக்கும். இக்காலத்தில் நடை பழக்கும் நாற்காலி என்று ஒன்று விற்கிறார்கள். பிள்ளையை நடுவில் உட்கார வைத்துவிட்டால், கீழேயுள்ள சக்கரங்கள் நாலா பக்கமும் ஓடும். சமையல் செய்யும்போது பிள்ளை தொந்தரவில்லாமல் இருக்கிறதே என்று பலரும் வாங்குகிறார்கள். தயவுசெய்து இதைக் கவனமாகக் கேளுங்கள். அந்த நாற்காலியிலுள்ள பிள்ளை கண்மூடித் திறப்பதற்குள் படிக்கட்டுக்கு ஓடிவிடும். அடுப்பருகில் போய் மேசை விரிப்பைப் பிடித்து இழுத்துவிடும். படியில் உருண்டு தலையில் அடிபட்ட பிள்ளைகள் ஏராளம் என்பதால் கனடா நாடு 2004-இல் இந்த நாற்காலிகளை விற்பதற்கே தடை விதித்தது. நடையையும் அது விரைவுபடுத்துவதில்லை. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இதை யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தரையில் ஒரு பாயை விரித்துப் பிள்ளையை விட்டால், அது தானே தவழ்ந்து, தானே எழுந்து, தானே நடக்கும். பாய்க்குப் பேட்டரியும் வேண்டாம்.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒட்டுப்பாலை நூல் நூலாக இழுத்துச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்தவர்கள் நீங்கள். அந்தப் பந்து எழும்புகிற எழும்பு கடைப் பந்துக்கு வருமா? ரப்பர் கொட்டையில் துளையிட்டு, குச்சியும் நூலும் கோத்து, விசிறி சுற்ற விட்டதையும் மறந்திருக்க மாட்டீர்கள். பல்லாங்குழிக்குக் கட்டையில்லாத வீட்டில் மண்ணிலேயே பதினான்கு குழி தோண்டி விளையாடினோம். மலாய்க்காரர்களின் சொங்காக் விளையாட்டும் இதற்கு உறவுதான். நான் ஒன்றைக் கவனித்து வருகிறேன். வீட்டில் பாட்டியோடு பல்லாங்குழி ஆடும் பிள்ளைக்கு முதலாம் ஆண்டில் கூட்டலும் கழித்தலும் தடுமாறுவதில்லை. ஐந்து ஐந்தாகக் கை தானே எண்ணிவிடுகிறது. முட்டை அட்டையை இரண்டு வரிசையாக வெட்டினாலும் போதும், பல்லாங்குழி தயார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ரப்பர் கொட்டை விளையாட மட்டும்தான். பச்சையாகத் தின்றால் நஞ்சு. பல்லாங்குழிக்கு முழுச் சிவப்பாக இருக்கும் ஆனைக்குன்றிமணியைப் பயன்படுத்துவார்கள். அதை மலாயில் சாகா என்பார்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த சிறிய குன்றிமணி வேறு. அதைக் கடித்து மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருந்தால், எந்த விதையும் தரையில் சிதறிக் கிடக்கக் கூடாது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பாடத்துணைப் பொருள்கள் செய்யச் சொல்லித் தந்தபோது, கடையில் வாங்கி வந்தவற்றைவிட, போத்தல் மூடியும் அட்டைப் பெட்டியும் பழைய நாள்காட்டியும் கொண்டு செய்தவையே வகுப்பில் நன்றாகப் பயன்பட்டன. இந்தியாவில் அரவிந்த் குப்தா என்ற பொறியியல் பட்டதாரி இதையே தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக் கொண்டார். சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் வால்வில் ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் இருக்கும் அல்லவா? அதைத் துண்டு துண்டாக நறுக்கி, தீக்குச்சிகளை அதில் செருகி, முக்கோணம், சதுரம், வீடு, கூண்டு என்று கணித வடிவங்களைச் செய்து காட்டினார். இன்று அவருடைய செய்முறைகளைக் கைப்பேசியில் காசில்லாமலே பார்க்கலாம். கைப்பேசியால் நமக்குக் கிடைக்கும் நன்மைகளில் இதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். தீக்குச்சியின் மருந்து முனையைக் கிள்ளிவிட்டே பிள்ளையிடம் கொடுக்க வேண்டும்.

களிமண் வேண்டுமென்று பிள்ளை கேட்டால், இரண்டு கோப்பைக் கோதுமை மாவு, ஒரு கோப்பை உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், பிசையத் தேவையான தண்ணீர். அவ்வளவுதான். மஞ்சள் தூள் போட்டால் நிறமும் வந்துவிடும். வாயில் வைக்கும் பிள்ளையாக இருந்தால் பக்கத்தில் இருங்கள், உப்பு அதிகம்.

காசைப் பற்றியே பேசிக் கொண்டிருக்கிறேன். காசைவிடப் பெரியது பிள்ளையின் உயிர். விளையாட்டுச் சாமான் வாங்கும்போது மூன்று விஷயங்களில் கண் வையுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எதையும் வாயில் போடும். ஆகவே பொம்மையின் கண், சக்கரம், பொத்தான் முதலியவற்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கழன்று வருமானால் வேண்டாம். கழிவறைத் தாள் சுற்றியிருக்கும் அட்டைக் குழாய் எல்லா வீட்டிலும் கிடைக்கும். அதற்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளும் சின்னப் பிள்ளையின் தொண்டையை அடைக்கக் கூடும். ஆய்வுக்கூடங்களில் இதற்காக வைத்திருக்கும் குழாயின் அகலம் 31.7 மில்லிமீட்டர், நம் அட்டைக் குழாய் அதைவிடச் சற்று அகலம் என்பதால் நம் சோதனை இன்னும் பத்திரமானது. பலூனும் இதில் சேர்த்திதான். நம் பால்மரத்துப் பாலில் செய்த பொருள்தான் என்றாலும், வெடித்த பலூன் துண்டு தொண்டையில் ஒட்டிக் கொண்டால் எடுப்பது மிகவும் கடினம். பிறந்த நாள் விருந்து முடிந்தவுடன் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள்.

அடுத்தது, காசைப் போல வட்டமாக இருக்கும் சின்னப் பேட்டரி. பாடும் வாழ்த்து அட்டை, விளக்கெரியும் காலணி, கைக்கடிகாரம், விசைப்பலகைப் பொம்மை எல்லாவற்றிலும் இது இருக்கிறது. பிள்ளை இதை விழுங்கி, அது உணவுக் குழாயில் தங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உள்ளே வெந்துபோய்ப் புண்ணாகிவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் எச்சில் ஒழுகும், சாப்பிட மறுக்கும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், காலைவரை பார்க்கலாம் என்றும் இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போய், பேட்டரி என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். வாங்கும்போதே பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியதா, நகத்தால் திறக்கக் கூடியதா என்று பார்த்துவிட்டால் இந்தப் பயமே இல்லை. சின்னச் சின்னக் காந்த உருண்டைகளும் இதே வகை ஆபத்துதான். இரண்டு உருண்டைகள் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் கொள்ளும்.

மூன்றாவது, சாயம். சுரண்டினால் உரியும் பெயின்ட், மூக்கைத் துளைக்கும் பிளாஸ்டிக் வாடை உள்ளவற்றை விட்டுவிடுங்கள். சாயத்தில் ஈயம் கலந்திருந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். பெரிய கம்பெனிப் பெயர் இருந்தால் போதும் என்றும் எண்ண வேண்டாம். 2007-ஆம் ஆண்டில், பார்பி பொம்மை செய்யும் மேட்டல் நிறுவனமே, சாயத்தில் ஈயம் இருந்ததென்று பெருந்தொகையான பொம்மைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2009-இல் விளையாட்டுச் சாமான்களுக்கென்றே பாதுகாப்பு விதிகள் வகுக்கப்பட்டன. பெட்டியின்மேல் எம்.சி. என்ற இரண்டு எழுத்துகள் கொண்ட முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். எத்தனை வயதுக்கு ஏற்றது என்பதையும் பாருங்கள். குழந்தை முகம் வரைந்து, அதன் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, 0-3 என்று எழுதியிருந்தால் மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று பொருள். 'என் பிள்ளை கெட்டிக்காரன், இரண்டு வயதிலேயே எல்லாம் தெரியும்' என்று சொல்லாதீர்கள். அந்த எண் அறிவைப் பற்றியதன்று, தொண்டையைப் பற்றியது.

பள்ளிக்கூடச் சாமான்களுக்கு வருவோம். பையை வாங்குமுன் வெறும் பையைத் தூக்கிப் பாருங்கள். பிள்ளை சுமக்கும் எடை, அதன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் போகாதிருப்பது நல்லது. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ. சக்கரமும் கம்பியும் வைத்த சில பைகள் காலியாகவே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கின்றன. அப்புறம் புத்தகத்துக்கு எங்கே இடம்? பையின் படத்தைப் பார்க்காதீர்கள், தோள்பட்டை வாரின் தையலைப் பாருங்கள். ஜிப்பை நான்கு முறை இழுத்துப் பாருங்கள். காலணியைக் காலுறையோடு, மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்றுப் பருத்திருக்கும். விரல் நுனிக்கு முன்னால் பெருவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். அண்ணனுக்கு ஆனதும் தம்பிக்கு என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால், பிள்ளை ஓடும்போது தடுக்கி விழும். 2019-இல் தொடங்கி வெள்ளைக் காலணிக்குப் பதிலாகக் கறுப்புக் காலணி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெள்ளை பூசிக் காய வைக்கும் வேலை அம்மாமார்களுக்கு மிச்சம்.

அழிப்பானைப் பற்றி ஒரு வார்த்தை. பழம் போலவும் மிட்டாய் போலவும் வாசனை போட்டு விற்கிறார்களே, அவை தாளைக் கறுப்பாக்குமே தவிர எழுத்தை அழிக்காது. சின்னப் பிள்ளைகள் கடித்தும் தின்கின்றன. ரப்பர்ப் பால் கட்டி பென்சில் கோட்டை அழிக்கும் என்பது 1770-லேயே இங்கிலாந்தில் பிரிஸ்ட்லி என்ற அறிஞர் எழுதி வைத்த சங்கதி. ரப்பருக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்ததே தேய்த்து அழிப்பதால்தான். ரப்பர் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அழிக்காத அழிப்பானை வாங்கலாமா?

உடுப்பைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. அம்மாமார்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக் கொண்டு போகும் அப்பாமார்களிடம் ஒன்று கேட்கிறேன். தலைக்கவசம் 1973-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. பெரியவரின் தலையில் சிரிம் முத்திரையுள்ள கவசம். பிள்ளையின் தலையில் சந்தையில் வாங்கிய கார்ட்டூன் படம் போட்ட வெறும் பிளாஸ்டிக் தொப்பி. இது எந்த ஊர் நியாயம்? பிள்ளையின் தலைக்குச் சரியான அளவில், சிரிம் முத்திரையோடு, தாடைப் பட்டி இறுக்கமாக மாட்டக் கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். விளையாட்டுச் சாமானில் மிச்சம் பிடித்த காசை இங்கே தாராளமாகச் செலவு செய்யுங்கள். ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மறுபடியும் பயன்படுத்தக் கூடாது.

இனி, டின் பால். இதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1930-களின் பிற்பகுதியில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவ அம்மையார் மலாயாவில் பணியாற்றினார். சீனி போட்டுக் கட்டியாக்கிய டின் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென்று நம்பிக் கைக்குழந்தைகளுக்குக் கொடுப்பதையும், குழந்தைகள் நோயுற்று இறப்பதையும் அவர் கண்கூடாகக் கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்றே தலைப்பிட்டுப் பேசினார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள். ஆனாலும் அம்மையார் அஞ்சவில்லை.

அது பழைய கதை என்று நினைக்கிறீர்களா? இன்று கடையில் விற்கும் இனிப்புக் கிரிமர் டின்னைத் திருப்பிப் படியுங்கள். சீனி, செம்பனை எண்ணெய் என்று எழுதியிருக்கும். பால் என்பது கொஞ்சம்தான். குழந்தைக்கு ஏற்றதன்று என்று மலாயில் எழுதியிருப்பதையும் பார்ப்பீர்கள். தேநீரில் ஒரு கரண்டி ஊற்றிக் குடிப்பது பெரியவர்கள் பாடு. அதையே தண்ணீரில் கரைத்துப் பிள்ளையின் போத்தலில் ஊற்றினால், பிள்ளைக்குக் கிடைப்பது சீனித் தண்ணீர். பல் சொத்தையாகும், எலும்பு வலுக்காது. மறுபக்கம், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கென்று விலை கூடிய மாவுப் பாலை விற்கிறார்கள். டின்னில் பட்டமளிப்புத் தொப்பி போட்ட பிள்ளையின் படம் இருந்தால் பிள்ளை பட்டதாரியாகிவிடாது. அப்படிப்பட்ட தொடர்நிலைப் பால்மாவு தேவையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் அறிவித்தது. தாய்ப்பால், சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை, சாதாரணப் பால் இவை போதும். பிள்ளை மெலிந்திருக்கிறதே என்று கவலையாக இருந்தால், டின்னைத் தேடிப் போகாமல் அரசாங்கச் சுகாதார நிலையத்துத் தாதியிடம் எடை போட்டுக் கேளுங்கள். தின்பண்டத்திற்கும் இதே யோசனைதான். காற்றை நிரப்பி விற்கும் வண்ணப் பொட்டலத்தைவிட, நம்ம ஈப்போ புந்தோங்கில் வறுக்கிற கச்சாங் பூத்தே கடலையில் காசுக்குத் தகுந்த சத்து இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

இவ்வளவும் சரி, சந்தையில் பிள்ளை தரையில் புரண்டு அழுதால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. புறப்படுமுன் வீட்டிலேயே பேசிவிடுங்கள். 'கண்ணு, இன்றைக்கு உனக்கு ஐந்து வெள்ளி. என்ன வாங்குவது என்று நீயே பார்' என்று காசைக் கையில் கொடுங்கள். அப்பாவின் காசு என்றால் கடையையே கேட்கும் பிள்ளை, தன் காசு என்றதும் மூன்று கடை ஏறி இறங்கி விலை கேட்கும். நான் இதைப் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். தவறான சாமானை வாங்கி உடைத்துக் கொண்டாலும் ஐந்து வெள்ளியோடு போகிறது. வேறொன்று கேட்டால், 'அடுத்த சம்பளத்திற்குப் பார்ப்போம்' என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த சம்பளத்திற்குக் கட்டாயம் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இருக்கிறது, நம் பிள்ளை ஏங்கிப் போகிறதே என்ற எண்ணந்தான் தகப்பன்மார்களை அதிகம் வாட்டுகிறது. அந்த வேதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் தவணையில் வாங்கிய கார் உடைந்த பிறகு தவணை மட்டும் ஓடிக் கொண்டிருக்கும் வீடுகளையும் நான் அறிவேன். அந்த வீட்டில் பிள்ளை அழுவது நின்றிருக்கும். அம்மாவின் அழுகை தொடங்கியிருக்கும்.

கடைசியாக, கெட்ட பொருளைத் தலையில் கட்டிவிட்டால் என்ன செய்வது என்பதைப் பார்ப்போம். எங்கள் பள்ளியில் ஒரு தாயார், மகளுக்கு வாங்கிய பையின் ஜிப் மூன்றே வாரத்தில் பிய்ந்துவிட்டதென்று கடைக்குப் போனார். 'விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்' என்ற பலகையைக் கடைக்காரர் காட்டினார். அந்த அம்மா வாய் திறக்காமல் திரும்பி வந்துவிட்டார். பலகை மாட்டிவிட்டால் சட்டம் ஓடிவிடாது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்திருக்கும் உறுதி. கடைக்காரர் தம் பலகையால் அதை நீக்க முடியாது. ரசீதோடு மறுபடியும் போய், இதை மரியாதையாக எடுத்துச் சொன்னதும் வேறு பை கொடுத்துவிட்டார்கள். குரலை உயர்த்தவே தேவைப்படவில்லை.

இந்த உரிமைகள் தானாக வந்தவையல்ல. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 1969-இல் தொடங்கியது. உலகப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்புக்கு 1978-இல் தலைவராகி, பால்மாவு நிறுவனங்களின் விளம்பர முறைகளை எதிர்த்து நின்றவர்களில் ஒருவரான அன்வார் ஃபசால், நம்முடைய பேராவில், தைப்பிங்கில் பிறந்தவர். 1981-இல் தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனைக்கு உலகச் சுகாதார நிறுவனம் நெறிமுறை வகுத்ததில் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது.

கடைக்காரர் இணங்காவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை மன்றம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, எதிர்த்தரப்பும் வழக்கறிஞரை வைத்துக் கொள்ள முடியாது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம். இணையத்தில் வாங்கிய பொருளுக்கும் இது பொருந்தும். பாரத்தை நிரப்பத் தயக்கமாக இருந்தால், உங்கள் பிள்ளையின் பள்ளி ஆசிரியரிடம் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து எழுதிக் கொடுப்போம். ஆனால் ரசீது வேண்டும். இப்போதைய ரசீதுகளில் எழுத்து சூட்டில் அச்சாவதால், வெயில் பட்டால் சில மாதங்களில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள். தாளையும் வீசிவிடாமல், அரிசி வாளிக்கு மேலே ஆணியில் குத்தி வையுங்கள்.